ஓதுவது யார்?

அல்லாஹு தஆலா மனிதனுக்கு அளித்துள்ள அருட்கொடைகளுள் குரல் மிகவும் விந்தையானது. வாயைவிட்டுப் புறப்பட்ட மறுகணமே அது காற்றில் கரைந்து மறைந்துவிடும். ஆகவேதான் பல நூற்றாண்டுகளாக, ஒரு காரீயின் ஓதலைக் கேட்க விரும்பியவர் அவர் இருக்கும் ஊரைத் தேடிச் சென்று, அவர் முன்னால் அமர்ந்து கேட்க வேண்டியிருந்தது. 1877ஆம் ஆண்டில் எடிசன் என்பவர் ஒலியைப் பதித்துத் திரும்பக் கேட்கும் கருவியைச் செய்தார். அன்றிலிருந்து போன குரல் திரும்பி வரத் தொடங்கிற்று. இசைத்தட்டு வந்தது; ஒலிநாடா வந்தது; பிறகு கணினியும் கைபேசியும் வந்துவிட்டன. மிஸ்று நாட்டின் புகழ்பெற்ற காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்கள் 1961இல் குர்ஆன் முழுவதையும் தர்த்தீலாக ஓதிப் பதிவு செய்தார்கள். 1964இல் கெய்ரோ நகரில் குர்ஆனுக்கென்றே தனி வானொலி தொடங்கப்பட்டது. ஹுஸரீ அவர்கள் 1980இல் வஃபாத்தாகிவிட்டார்கள். ஆயினும் அவர்களுடைய குரல் இன்றும் நம் வீடுகளில் ஒலிக்கிறது. இது அல்லாஹ்வின் நிஃமத்து என்பதில் ஐயமில்லை.

ஒவ்வொரு நிஃமத்தைப் பற்றியும் கேள்வி உண்டு என்பதையும் நாம் அறிவோம். இந்த நிஃமத்தைப் பற்றி இன்று நம் வீடுகளில் எழுந்துள்ள கேள்வி ஒன்றைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினிக்குள் நடப்பது என்ன?

பழைய இசைத்தட்டு ஒருமுறை ஓடி முடிந்தால் நின்றுவிடும். மீண்டும் கேட்க வேண்டுமானால் ஒருவர் எழுந்து சென்று முள்ளைத் தூக்கி வைக்க வேண்டும். கணினியில் அந்தச் சிரமம் இல்லை. குரலை அது எண்களாக மாற்றி வைத்துக்கொள்கிறது. குறுந்தட்டுகளின் அளவுப்படி ஒரு விநாடிக் குரல் 44,100 முறை அளந்து எழுதப்படுகிறது. அந்த எண்களை முன்கூட்டியே தன் நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு, கட்டளை வந்ததும் தாமதமின்றி ஒலிக்கச் செய்கிறது. 'திரும்பவும் ஒலி' என்று ஒரு கட்டளை சேர்த்துவிட்டால் முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொள்ளும். ஒலி செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பைதான் எனும் கணினி மொழியில் விளையாட்டுகள் எழுதுவோர் பைகேம் என்ற ஒரு தொகுப்பைப் பயன்படுத்துகின்றனர். அதில் 5 என்று எழுதினால், முதலில் ஒருமுறை ஒலித்துவிட்டு, பிறகு ஐந்து முறை திரும்ப ஒலிக்கும். -1 என்று எழுதிவிட்டாலோ, யாரேனும் நிறுத்தும் வரை நில்லாது. கேட்பவர் அறையில் இருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா, தூங்குகிறாரா என்பது அதற்குத் தெரியாது. அதற்குக் களைப்பில்லை, சலிப்பில்லை, உள்ளமும் இல்லை.

இப்படிச் சுழலும் ஒலி அல்லாஹ்வின் கலாமாக இருக்குமானால், அங்கே ஓதுபவர் யார்? கேட்பவர் யார்? நன்மை யாருக்கு? இதுதான் கேள்வி.

மூன்று விளையாட்டுகள்

இக்கேள்விக்கு விடை தேடுமுன், உலகம் அறிந்த மூன்று நிகழ்ச்சிகளைப் பார்ப்போம். மூன்றும் நம் பிள்ளைகள் விளையாடுகின்ற கணினி விளையாட்டுகளைச் சேர்ந்தவை.

1998இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் செல்டா வரிசையில் ஒரு விளையாட்டை வெளியிட்டது. அதில் தீக்கோயில் என்று ஒரு கட்டம். அதன் பின்னணி ஓசையில், விலைக்கு விற்கப்படும் ஒலித்தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்த அரபுக் குரல் சேர்க்கப்பட்டிருந்தது. அது முஸ்லிம்களின் வணக்கத்தைச் சேர்ந்த குரல். பிந்திய பதிப்புகளில் அது நீக்கப்பட்டு வேறு ஓசை வைக்கப்பட்டது.

2002இன் இறுதியில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் கருவிக்காக ககுடோ சோஜின் எனும் சண்டை விளையாட்டு வெளிவந்தது. ஆட்கள் ஒருவரையொருவர் அடித்து வீழ்த்தும் அந்த விளையாட்டின் பின்னணியில் குர்ஆன் ஓதல் கலந்திருந்தது. எதிர்ப்பு எழுந்தபின் 2003இல் அந்த விளையாட்டே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

மூன்றாவது 2008ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்தது. சோனி நிறுவனத்தின் லிட்டில்பிக்பிளானட் எனும் விளையாட்டு வெளியாக இருந்த நேரம். அதில் வரும் பாடல் ஒன்றில் திருமறையின் இரண்டு சொற்றொடர்கள் இருப்பதை, அதைக் கேட்ட ஒருவர் கண்டுபிடித்து எழுதினார். ஒன்று ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 185ஆம் வசனத்திலும், மற்றொன்று அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 26ஆம் வசனமாகவும் உள்ளவை. மரணத்திலிருந்து எந்த உயிரும் தப்பாது என்பதையும், பூமியின் மீதுள்ள யாவும் அழியக்கூடியவை என்பதையும் நினைவூட்டுபவை. நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்று, குரலை நீக்கி, புதிய தட்டுகளை அனுப்பியது.

இந்த மூன்றாவது நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அப்பாடலைப் பாடியவர்கள் இஸ்லாத்தின் பகைவர்கள் அல்லர். பாடலுக்குரியவர் மாலி நாட்டின் இசைக்கலைஞர் தூமானி தியாபாத்தே, 2024இல் காலமானார், அவரும் ஒரு முஸ்லிமே. இறைவசனத்தை இசையோடு கலப்பது கூடாது என்பதே நம் உலமாக்களின் நிலை. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் மரணத்தை நினைத்து ஒருவர் பாடிய சொற்கள், பொம்மைகள் குதித்தோடும் ஒரு விளையாட்டின் பின்னணியில் போய்ச் சேர்ந்தபோது என்னவாயின என்று எண்ணிப் பாருங்கள். சொல் மாறவில்லை; எழுத்தும் உச்சரிப்பும் மாறவில்லை. அதைக் கேட்டு அஞ்சுவோர் மட்டும் அங்கே இல்லை.

தவறு எங்கே இருந்தது?

இச்செய்திகளைக் கேள்வியுற்ற முஸ்லிம்களின் உள்ளம் புண்பட்டது இயல்பே. ஆனால் ஏன் புண்பட்டது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றார் கை பட்டதாலா? அப்படியானால் அது வெறும் இனப்பற்று. விளையாட்டுப் பொருளில் வைத்ததாலா? ஆம், அது ஒரு காரணம். எனினும் இதைவிட ஆழமான காரணம் ஒன்றுண்டு. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 204ஆம் வசனம், குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தவும் மௌனமாக இருக்கவும் நமக்குக் கட்டளையிடுகிறது. செவிதாழ்த்திக் கேட்பதற்காக இறங்கிய சொல்லை, யாரும் செவிதாழ்த்தாத ஓசையாக, சுவருக்குப் பூசும் வண்ணம் போல ஆக்கிவிட்டார்கள். அதுவே அங்கு நடந்த அநீதி.

இதை ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி நம் வாசலுக்கே வந்துவிடுகிறது. காலையில் கடையைத் திறந்ததும் கைபேசியில் ஒரு சூராவைத் தட்டிவிட்டு, அது சுழன்றுகொண்டிருக்க, நாள் முழுவதும் விலைபேசிச் சத்தியம் செய்து வியாபாரம் பார்க்கிறோம். கைபேசியின் அழைப்பு மணியாக ஒரு வசனத்தை வைத்து, யாராவது அழைத்தால் வசனத்தின் பாதியில், பொருள் முடியாத இடத்தில் அதை வெட்டிவிட்டு 'ஹலோ' என்கிறோம். அதே கைபேசியோடு கழிவறைக்கும் போகிறோம். வீட்டில் அடுக்களைச் சண்டை ஒரு பக்கம், தொலைக்காட்சி ஒரு பக்கம், நடுவில் சூரத்துல் பகரா சுழன்றுகொண்டிருக்கிறது. அறியாமல் செய்தவர்கள் தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அறிந்த நாம் எதைத் திரும்பப் பெற்றோம்?

ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் தம்முடைய ரத்துல் முஹ்தார் எனும் நூலில் இதற்கு நெருக்கமான ஒரு சட்டத்தைக் கூறுகிறார்கள். கடைத்தெருவிலும், மக்கள் தம் வேலையில் மூழ்கியிருக்கும் இடங்களிலும் ஒருவர் உரத்து ஓதினால், குர்ஆனின் கண்ணியத்தைக் குலைத்த குற்றம் ஓதியவரையே சாரும். வேலையில் இருப்போரைச் சாராது என்பது அதன் கருத்து. வாயால் ஓதியவருக்கே இந்த நிலை என்றால், விரலால் தட்டிவிட்டு மறந்துபோனவரின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

மீண்டும் ஓதுவதும் மீண்டும் ஒலிப்பதும்

இங்கே ஒருவர் கேட்கலாம்: 'திரும்பத் திரும்ப ஓதுவது மார்க்கத்தில் உள்ளதுதானே? ஃபாத்திஹாவை ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதவில்லையா? திக்ருகளை நூறு முறை சொல்லவில்லையா? கணினி செய்வதும் அதுதானே?'

நியாயமான கேள்வியே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் இரவில் தொழுகைக்கு நின்று, விடியும் வரை ஒரே ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓதினார்கள் என்று அபூதர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் உள்ளது. அது அல்மாயிதா அத்தியாயத்தின் 118ஆம் வசனம். அடியார்களைத் தண்டிப்பதும் மன்னிப்பதும் அல்லாஹ்வின் கையில் இருப்பதை எடுத்துரைக்கும் வசனம். கணினியிடம் அந்த வசனத்தைக் கொடுத்து -1 என்று எழுதினால் அதுவும் விடியும் வரை ஒலிக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கணினியே முந்திவிடும்.

ஆனால் அந்த இரவில் நடந்ததென்ன? ஒவ்வொரு முறையும் அந்த உள்ளம் உம்மத்தின் கவலையோடு தன் ரப்பிடம் புதிதாகத் திரும்பியது. சொல் ஒன்றே; கெஞ்சுதல் ஒவ்வொரு முறையும் புதிது. கால் கடுத்தது, இரவு நீண்டது, விட்டுவிட்டு உறங்கச் செல்லவும் வழி இருந்தது. விடாமல் நின்றதுதான் இபாதத். நிறுத்த முடிந்தவன் நிறுத்தாமல் இருப்பதற்குத்தான் விலை உண்டு. நிறுத்தத் தெரியாத பொருளின் சுழற்சி, ஓடும் மின்விசிறியின் சுழற்சியைப் போன்றதே. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற ஹதீஸை இமாம் புகாரீ (ரஹ்) தம் நூலின் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். நிய்யத்து வைக்க இயலாத ஒன்று அமல் செய்வது எப்படி?

கிளியும் எதிரொலியும்

நம் முன்னோர்களான ஃபுகஹாக்கள் கணினியைக் கண்டதில்லை. எனினும் இதே கேள்வியை வேறு உருவத்தில் அவர்கள் கண்டார்கள். பழக்கப்பட்ட கிளி ஸஜ்தா வசனம் ஒன்றைச் சொன்னால் கேட்டவர் ஸஜ்தா செய்ய வேண்டுமா? மலையில் எதிரொலியாக வந்தால்? ஹனஃபி மத்ஹபில் ஸஜ்தா திலாவத் வாஜிபு. ஷாஃபிஈ மத்ஹபில் அது சுன்னத்து. இதில் வேறுபட்ட இரு மத்ஹபினரும், பறவையின் குரல் ஸஜ்தாவைக் கொண்டு வராது என்பதில் ஒன்றுபடுகின்றனர். எதிரொலிக்கும் ஸஜ்தா இல்லை என்று ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. ஓதல் என்பது அறிவும் நாட்டமும் உடைய ஒருவரின் செயல் என்பதே இதன் அடிப்படை. இதை வைத்தே, பதிவு செய்யப்பட்ட ஓதலுக்கும் ஸஜ்தா கடமையாகாது என்று இக்கால உலமாக்களில் பெரும்பாலோர் கூறுகின்றனர்.

பாங்கின் நிலையும் இதுவே. மக்காவிலுள்ள ராபித்தாவின் ஃபிக்ஹு சபை ஹிஜ்ரி 1406இல், அதாவது 1986இல் கூடியபோது, பள்ளிவாசலில் தொழுகை நேரத்தில் ஒலிநாடாவில் பாங்கை ஒலிக்கச் செய்வது போதுமாகாது என்று முடிவு செய்தது. மோதினார் வணக்கம் செய்கிறார், நாடா செய்வதில்லை. கைபேசியிலுள்ள பாங்கு நேரத்தை நினைவூட்டும் மணியாகப் பயன்படலாம். அது பள்ளியின் பாங்குக்கு ஈடாகாது.

சூரத்துல் பகரா ஓதப்படும் வீட்டைவிட்டு ஷைத்தான் விரண்டோடுவதாக முஸ்லிம் நூலில் ஹதீஸ் உண்டு. பதிவை ஒலிக்கச் செய்தால் இந்தப் பயன் கிட்டுமா என்பதில் இக்காலத்து அறிஞர்களிடையே இருவகைக் கருத்தும் உள்ளன. அல்லாஹ்வின் அருளுக்கு எல்லை கட்ட நாம் யார்? ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். வீட்டைப் பூட்டிவிட்டுக் கைபேசியைக் காவலுக்கு வைத்துச் செல்லும் குடும்பம், தன் நாவையும் அந்த வீட்டில் கொஞ்சம் பயன்படுத்தினால் ஹதீஸின் சொல்லுக்கு நெருங்கியதாக இருக்கும். ஓதப்படும் வீடு என்பதற்கு ஓதுபவர் உள்ள வீடு என்பதே நேரான பொருள்.

கேட்பவருக்கு நன்மை உண்டு

இவ்வளவையும் படித்துவிட்டு, பதிவுகளையெல்லாம் அழித்துவிட வேண்டும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஓதச் சொல்லி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பிறர் ஓதக் கேட்பதில் தமக்குள்ள விருப்பத்தைத் தெரிவித்தார்கள். அந்நிஸா அத்தியாயத்தின் 41ஆம் வசனம் வந்தபோது அவர்களுடைய கண்கள் நீர் சொரிந்தன. புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ள இந்த ஹதீஸ் கேட்பதன் சிறப்பை விளக்கப் போதுமானது. ஓதியவர் உயிரோடு முன்னால் இருந்தாலும், பதிவிலிருந்து அவர் குரல் வந்தாலும், கேட்கும் காது நம்முடையது. உருகும் உள்ளம் நம்முடையது. அந்தக் கேட்டல் நம்முடைய அமலே.

ஆகவே பார்வை இழந்த பெரியவர், படுக்கையில் கிடக்கும் நோயாளி, எழுத்துக் கூட்டி ஓதக் கற்காமலே முதுமையடைந்த தாய்மார்கள் ஆகியோருக்குச் சுழலும் பதிவு பெரிய துணை. எழுந்து பொத்தானை அழுத்த முடியாதவருக்காக அது தானே மறுபடி தொடங்குவது ஓர் உதவிதான். ஹிப்ழு செய்யும் மாணவனுக்கும் அப்படியே. ஒரு வசனத்தைப் பத்து முறை ஒலிக்கச் செய்து, ஒவ்வொரு முறையும் அவன் கூடவே ஓதி, மக்ரஜைத் திருத்திக்கொள்வானானால் அந்தப் பத்தும் அவனுக்குப் படிக்கட்டுகள். சிறுவர் கூடவே ஓதும்படியாக ஹுஸரீ அவர்கள் செய்த பதிவு எத்தனையோ பிள்ளைகளுக்கு உஸ்தாதுக்குத் துணையாக இருந்து வருகிறது. துணை என்றோம்; உஸ்தாதாகவே ஆகிவிடாது. பிள்ளையின் பிழையைக் கேட்டுத் திருத்த அதற்குக் காது இல்லை.

இத்தகைய நிரல்களை எழுதும் நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். நன்மைக்கு வழிகாட்டியவருக்கு, அதைச் செய்தவரின் கூலி போன்றது உண்டு என்பது ஹதீஸின் கருத்து. எனவே செய்பவர் ஒருவர் இருக்க வேண்டும். ஆளில்லாத அறையில் உங்கள் நிரல் ஆயிரம் முறை சுழன்றால் நூறாயிரம் நன்மை எழுதப்படும் என்று கணக்குப் போடாதீர்கள். வசனத்தின் முடிவில் நிறுத்துங்கள், நடுவில் வெட்டாதீர்கள். இத்தனை முறை என்று கேட்பவரே குறிக்கும்படி வையுங்கள். குறித்தது முடிந்தால் மௌனமாகட்டும். தஜ்வீது கற்றபோது வக்ஃபு செய்யும் இடங்களையும் நாம் கற்றோமல்லவா? நிறுத்துவதும் ஓதலின் ஒழுக்கமே.

ஒரு வீட்டின் கடைசிக் கேள்வி

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் மையித்து வீடு. மையித்தின் அருகில் யாஸீன் ஓதுவது நம் ஊர்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். இப்போது சில வீடுகளில் தலைமாட்டில் ஒரு கைபேசி வைக்கப்படுகிறது. யாஸீன் சுழல்கிறது. பிள்ளைகள் வெளியில் நாற்காலிகளில் அமர்ந்து ஊர்ப்பேச்சுப் பேசுகின்றனர்.

அந்தக் காரீயின் குரல் இனிமையானது, பிழையற்றது. மகனுக்கோ நா தடுமாறும். அழுகை தொண்டையை அடைக்கும். எழுத்து ஒன்றிரண்டு பிசகும். ஆனாலும் அந்த வாப்பா சிறுவயதில் கைபிடித்து மத்ரஸாவுக்கு அழைத்துச் சென்றது எந்த நாவுக்காக? கைபேசி இந்த வாப்பாவை அறியுமா? சிரமத்தோடு திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் சுபச் செய்தி கூறுகிறதே. அந்த இரட்டைக் கூலியை எந்தப் பொறி பெற்றுத் தரும்? இனிய குரலைத் தேடிப் பிள்ளையின் துஆவை இழப்பது நஷ்டமான வியாபாரம் அல்லவா?

ஆகவே அன்புச் சகோதரர்களே, தாய்மார்களே! பொத்தானை அழுத்துமுன் ஒரு நிமிடம் நம்மையே கேட்டுக்கொள்வோம்: இப்போது கேட்க யார் இருக்கிறார்? நாம் இருக்கிறோமானால் அமர்ந்து, வாய்மூடி, செவிதாழ்த்திக் கேட்போம். வேலைக்குப் போகிறோமானால் நிறுத்திவிட்டுப் போவோம். ஓதத் தெரிந்தவர் ஓதுவோம். தெரியாதவர், அந்தப் பதிவின் துணையோடு, உஸ்தாது ஒருவரின் முன்னால் அமர்ந்து கற்றுக்கொள்வோம். அதற்கு வயது எல்லை கிடையாது.

நம் நாவுகளைத் தன் கலாமைக் கொண்டு ஈரமாக்கி வைப்பானாக! கேட்கும்போது உருகும் உள்ளங்களை நமக்கும் நம் மக்களுக்கும் அந்த ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.